கணக்குப்பிள்ளை மகன் துப்பறிகிறார்

ஜார்ஜ் சிமெனோன் பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். பாரிஸ் போலீஸ் அதிகாரி மேக்ரேயை வைத்து அவர் 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் எழுதினார். முதல் நாவல் 1931-ல் புத்தகமாக வந்தது, கடைசி நாவல் 1972-ல் வந்தது. 1989-ல் அவர் காலமானார். அதற்கெல்லாம் அப்புறம், 2013 நவம்பரில், பெங்குவின் நிறுவனம் அத்தனை நாவல்களையும் ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்த்து மாதம் ஒன்றாக வெளியிட ஆரம்பித்தது. 2020 ஜனவரியில்தான் அந்த வேலை முடிந்தது. ஆறு வருடத்துக்கு மேல் மாதாமாதம் ஒரு பழைய போலீஸ்காரரின் கதையைக் காசு கொடுத்து வாங்க உலகத்தில் ஆள் இருந்திருக்கிறது.

காரைக்குடிப் பக்கம் நண்பர்களுக்குள்ளும் அந்தப் புத்தகங்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலானவை 150, 180 பக்கம்தான். காலையில் பல்லவன் ரயிலில் ஏறிப் பிரித்தால் எழும்பூர் போவதற்குள் நிதானமாக முடித்துவிடலாம். ஒரே மூச்சில் படிக்க முடிகிற அளவு என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் அளவு மட்டுமே ஒரு தொடரைத் தொண்ணூறு வருடம் இழுத்துக்கொண்டு வராது.

கொலை, விசாரணை, கைது எல்லாம் இந்த நாவல்களில் உண்டு. புதிர்தான் ரொம்ப எளிமையானது. பல நாவல்களில் பாதி தாண்டும் முன்பே யார் செய்திருப்பார் என்று நமக்குத் தெரிந்துவிடும். மேக்ரேவுக்கும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார், நாமும் புத்தகத்தை மூட மாட்டோம். தொடர் நிலைத்து நிற்பதற்கான காரணத்தை அந்த மிச்சப் பாதியில்தான் தேட வேண்டும். செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மிச்சப் பாதி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பிடிபடும் என்பது என் கட்சி.

துப்பறியும் தொடர் நமக்குப் புதிதில்லை. 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன் தேவகோட்டையில் பிறந்தவர். அவருடைய சங்கர்லாலை எங்கள் அப்பா தலைமுறை விழுந்து விழுந்து படித்தது. சங்கர்லால் நாடு நாடாகப் போவார், எதிரி யோசிப்பதற்குள் ஓர் அடி முன்னால் நிற்பார். சின்ன ஊரில் உட்கார்ந்து படித்த பையனுக்கு அவர் உலகத்தைத் திறந்து காட்டினார். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன்.

மேக்ரே போவது இதற்கு நேர் எதிர்த் திசையில். கனத்த உடம்பு, கனத்த கோட்டு, வாயில் பைப். ஒரு தெருவில் கொலை என்றால் நாள் கணக்காக அந்தத் தெருவிலேயே கிடப்பார். எதிர்க்கடையில் நின்று பீர் குடிப்பார். கட்டடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியோடு பேசிக்கொண்டிருப்பார். செத்துப்போனவரின் அறைக்குப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தினமும் பார்த்த சுவரைத் தானும் கொஞ்ச நேரம் பார்ப்பார். நீதிபதியோ, கீழே வேலை பார்க்கும் லூக்காவோ ஜான்வியேயோ, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நான் எதுவுமே நினைக்கவில்லை" என்பார். அது உண்மையும்கூட. இந்த வீட்டில் காபி எத்தனை மணிக்குப் போடுவார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, யார் வந்தால் யார் எழுந்து போவார்கள் என்பதெல்லாம் உள்ளே இறங்குகிற வரைக்கும் அவர் யோசிக்கவே ஆரம்பிப்பதில்லை.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? 1932-ல் வந்த ஸான் ஃபியாக்ர் நாவலைப் படித்தால் புரியும்.

கல்லறைத் திருநாள் அன்று ஸான் ஃபியாக்ர் கிராமத்துத் தேவாலயத்தில், முதல் பூசை நேரத்தில் ஒரு குற்றம் நடக்கும் என்று போலீசுக்கு ஒரு சீட்டு வருகிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேக்ரே மட்டும் கிளம்பிப் போகிறார், ஏனென்றால் அது அவர் பிறந்த ஊர். அவருடைய அப்பா அந்த ஊர்ப் பிரபுவின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர், நம் ஊர் வழக்கப்படி கணக்குப்பிள்ளை. விடியாத இருட்டில், குளிரில், பத்துப் பேர்கூடத் தேறாத கூட்டத்தோடு பூசை முடிகிறது. எல்லோரும் எழுந்து போகிறார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த வயதான சீமாட்டி மட்டும் எழவில்லை. காயம் கிடையாது, விஷம் கிடையாது. அவள் ஜெபப் புத்தகத்துக்குள் யாரோ ஒரு பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறார்கள். அவளுடைய ஒரே மகன் தற்கொலை செய்துகொண்டான் என்று அதில் பொய்ச் செய்தி. ஏற்கெனவே பலவீனமான இதயம் நின்றுபோய்விட்டது.

சட்டத்தில் இதைக் கொலை என்று நிரூபிப்பதே கஷ்டம். அந்த வீடோ உள்ளுக்குள் எப்போதோ இடிந்துவிட்டது. பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. மகன் பாரிஸில் இருந்துகொண்டு பணத்தைக் கரைக்கிறான். சீமாட்டியைச் சுற்றிச் செயலாளர் என்ற பெயரில் இளைஞர்கள் வந்து போகிறார்கள். கணக்கைப் பார்ப்பவர் இப்போது வேறொரு காரியஸ்தர். சின்ன வயதில் மேக்ரே அந்தச் சீமாட்டியை எட்ட நின்று, வேறு உலகத்துப் பிறவியைப் பார்ப்பது போலப் பார்த்தவர். இன்று அதே பெண்ணின் பிணத்துக்குப் பக்கத்தில் பாரிஸ் அதிகாரியாக நிற்கிறார். காணாமல் போன ஜெபப் புத்தகத்தை எடுத்தது பூசைக்கு உதவுகிற ஒரு சிறுவன். அப்படி ஓர் அழகான புத்தகம் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மேக்ரேயும் அதே கோயிலில் பூசைக்கு உதவிய பையன்தான், அதே ஆசை அவருக்கும் இருந்தது. அந்தப் பையனுடைய முகத்தை அவரால் படிக்க முடிவது அதனால்தான்.

எங்கள் தாத்தா ஒரு பெரிய வீட்டில் கணக்கு எழுதியவர். அந்த வீட்டு ஆச்சிக்கு இந்தக் கதையை ஒரு நாள் மத்தியானம் சொன்னேன். ஜெபப் புத்தகம் வரைக்கும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இது:

"ஏந்தம்பி, அந்தக் கணக்குப்பிள்ளை மகன் பெரிய போலீசால்ல திரும்பி வந்திருக்கான். அவன அந்த வீட்டுல எங்க உக்கார வச்சாக?"

"உள்ள கூப்பிட்டு அவங்க சாப்பிடற மேசையிலயே உக்கார வச்சாங்க ஆச்சி. அவருக்குத்தான் உக்காரவே முடியலை."

"எப்புடி முடியும்?" என்றார் ஆச்சி.

யார் அந்தத் தாளை வைத்தது என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. அவர் கேட்ட கேள்வியில் அந்த நாவலின் உயிர் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் திண்ணை, முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் போகும். யார் எதுவரைக்கும் வரலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கணக்குப்பிள்ளை முகப்புப் பக்கம் தரையில் கணக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டின் வரவு செலவு அத்தனையும் அவருக்குத் தெரியும். எந்த மகன் எவ்வளவு கடன் வாங்கினான், எந்த நகை அடகுக்குப் போனது, எந்தப் பங்காளிக்கு யார் ரகசியமாகப் பணம் அனுப்பினார்கள் என்பது வரை தெரியும். தெரிந்தும் வாய் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவருடைய மகன் போலீஸ் வேலைக்குப் போனால் எப்படி இருப்பான்? வீட்டுக்காரர்களைவிட வீட்டை நன்றாகத் தெரிந்தவனாகவும், அதே சமயம் அந்த வீட்டில் ஒருநாளும் சகஜமாக உட்கார முடியாதவனாகவும் இருப்பான். சிமெனோன் பிடித்தது இந்த ஆளைத்தான். அந்த நாவலின் கடைசி விருந்தில் உண்மையை வெளியே கொண்டு வருவதுகூட மேக்ரே கிடையாது. வீட்டு மகனே அதைச் செய்கிறான். மேக்ரே ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பறியும் கதையில் துப்பறிபவரையே ஓரத்தில் உட்கார வைக்க 1932-லேயே சிமெனோனுக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

மனத்தைத் தோண்டுகிற குற்றக் கதை என்று இந்த வகையைச் சொல்கிறோம். அந்தத் தோண்டலை சிமெனோன் எப்படிச் செய்தார் என்பது அவருடைய பேட்டிகளிலிருந்து நன்றாகவே தெரியும். நாவல் தொடங்கும் முன் ஒரு பழுப்பு உறையை எடுத்து அதன்மேல் பாத்திரங்களின் பெயர், வயது, முகவரி, அப்பா அம்மா, அண்ணன் தம்பி என்று எழுதிக்கொள்வார். பெயர்களுக்கு டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவார். கதை என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. இந்தச் சாதாரண மனிதனை அவனுடைய எல்லை வரைக்கும் தள்ள என்ன நடக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியோடு உட்காருவார். நாளைக்கு ஓர் அத்தியாயம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் நாவல் முடிந்துவிடும். நடுவில் உடம்புக்கு முடியாமல் இரண்டு நாள் போய்விட்டால் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடுவார். அதனால்தான் நாவல் முழுக்க ஒரே அழுத்தத்தில் போகிறது. குற்றவாளியை முதலில் முடிவு செய்துகொண்டு பின்னாலிருந்து தடயங்களைத் தூவுகிற கதைகளில் மனிதர்கள் தடயத்துக்கு ஏற்றபடி வளைவார்கள். இங்கே மனிதன் முதலில் வருகிறான், குற்றம் அவனிடமிருந்து வருகிறது.

நடையும் அப்படித்தான். ஆரம்ப காலத்தில் அவர் கதைகளைப் படித்த எழுத்தாளர் கொலெத், இலக்கியத்தனத்தை எடுத்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். சிமெனோன் அதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். அலங்காரம் கிடையாது, தெருவில் புழங்குகிற சொற்கள்தான். மழை பெய்தால் மழை, வெங்காயம் வதங்கினால் வெங்காய வாசனை. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலே தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்துவிடலாம். நம் ஊரில் அவர் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்த முறைக்குச் சரியான உதாரணம் 1955-ல் வந்த 'தலையில்லாத உடல்' நாவல். பாரிஸின் ஸான் மார்த்தான் கால்வாயில் ஒரு படகுக்காரர் கையில் மனித உடம்பின் பகுதிகள் சிக்குகின்றன. மேக்ரே பக்கத்தில் இருக்கிற இருட்டான சின்ன மதுக்கடைக்கு போன் பேசப் போகிறார். கடையில் மெலிந்த ஒரு பெண், கடைக்காரருடைய மனைவி. எது கேட்டாலும் ஒற்றை வார்த்தைதான் பதில். பயமில்லை, கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. அந்தக் கடைக்கும் கால்வாயில் கிடைத்த உடலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். அதற்கப்புறமும் மேக்ரே அந்தக் கடைக்கு வந்து வந்து போகிறார். இந்தப் பெண் ஏன் எதற்குமே அசையவில்லை என்ற ஒன்றுதான் அவருக்குப் புரிய வேண்டும். கடைசியில் வெளியூரிலிருந்து வரும், சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் ஒரு நோட்டரி பழைய குடும்பக் கதையைச் சொல்கிறார். ஒரு பெரிய வீடு, ஒரு பணக்கார அப்பா, வீட்டைவிட்டுப் போன மகள், பிறகு ஒரு சொத்து விவகாரம். அதோடு எல்லாம் இடத்தில் உட்காருகிறது. இதற்கு மேல் சொன்னால் படிக்கிறவர்களுக்குத் துரோகம்.

இந்த நாவலை சிமெனோன் எழுதியபோது அவர் இருந்தது அமெரிக்காவில். 1945 முதல் 1955 வரை அமெரிக்கக் கண்டத்தில் இருந்துகொண்டுதான் பாரிஸின் தெரு முனைகளையும் கடை வாசனைகளையும் எழுதிக் குவித்தார். நம் ஆட்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் இருந்துகொண்டு ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வீட்டில் எந்த மாடு கன்று போட்டது, பின்கட்டு ஓடு மாற்றியாயிற்றா என்றெல்லாம் விசாரிப்பார்கள். தூரத்தில் இருப்பவருக்குச் சில விஷயங்கள் பக்கத்தில் இருப்பவரைவிடத் துல்லியமாகத் தெரியும்.

தொடரின் பிடிப்புக்கு அடுத்த காரணத்தை சிமெனோனின் பிள்ளைப் பருவத்தில் தேடலாம். லியேஜ் நகரத்தில் அவருடைய அம்மா வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். ரஷ்யா, போலந்துப் பக்கமிருந்து படிக்க வந்த மாணவர்கள் அங்கே தங்கினார்கள். ஒரே கூரைக்குக் கீழே அறைக்கு ஒரு வாழ்க்கை. நம் வீடுகளிலும் வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, தனிக்குடித்தனமாக வேறு வைத்த பிறகு தனித்தனிச் சமையல். சுவருக்கு இந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை அந்தப் பக்கம் போகும், ஆனால் இந்தப் பக்கத்து அழுகை அந்தப் பக்கம் கேட்காத மாதிரிதான் எல்லோரும் நடந்துகொள்வார்கள். சிமெனோனுக்கு இந்த நாடகம் அத்துப்படி. 16 வயது நிரம்பும் முன்பே அவர் லியேஜ் பத்திரிகை ஒன்றில் நிருபராகி, போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தவர். கேள்விப்பட்ட கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன.

அந்தக் கதைகளில் இருந்த மனிதர்களை அவர் தீர்ப்புச் சொல்லாமல் பார்த்தார். புரிந்துகொள்ள வேண்டும், தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதைத்தான் தன் கொள்கையாக வைத்திருந்தார். மேக்ரே ஒரு காலத்தில் மருத்துவம் படிக்க ஆரம்பித்து, அப்பா இறந்ததால் பாதியில் விட்டவர். கெட்டுப்போன வாழ்க்கைகளைப் பழுது பார்த்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் திருப்பி உட்கார வைக்கிற ஒரு தொழில் இருக்கக்கூடாதா என்று சின்ன வயதில் கனவு கண்டவர். 1931-ல் வந்த ஸான் ஃபோலியான் நாவலில் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பழைய குற்றத்தை அவர் கண்டுபிடித்துவிடுகிறார். சம்பந்தப்பட்டவர்கள் இப்போது குடும்பமாக இருக்கிறார்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மேக்ரே யாரையும் கைது செய்யாமல் ரயில் ஏறிவிடுகிறார். 1960-ல் வந்த கோர்ட் நாவல் ஒன்றில் சாட்சிக்கூண்டில் நிற்கும்போது, ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் இங்கே நாலு வாக்கியமாகச் சுருங்கிப்போகிறதே என்று அவர் மனது அடித்துக்கொள்கிறது. பிரான்சில் தலையைத் துண்டிக்கும் கில்லட்டின் தண்டனை இருந்த காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பக்கங்கள் இன்னும் கனக்கும்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆரம்ப நாவல்களில் யூதர்களைப் பற்றி வரும் வர்ணனைகள் இன்று படிக்கவே கூசும். பெண்களில் பலரை அவர் அம்மா, மனைவி, விலைமாது என்ற மூன்று அறைக்குள் அடைத்துவிடுகிறார். 75 நாவல்களில் சில, பழகிய கையால் எழுதித் தள்ளியவை என்று பட்டவர்த்தனமாகத் தெரியும். ஆனாலும் சுமாரான மேக்ரே நாவலிலும் ஏதாவது ஓர் அறை, ஏதாவது ஒரு முகம் மனதில் தங்கிவிடும். அதற்கு மேல், திரும்பிப் போனால் எல்லாம் அங்கேயே இருக்கிறது என்ற நிம்மதி வேறு. ரிஷார் லெனுவார் தெருவில் அதே வீடு, அடுப்பில் எதையாவது வைத்துக்கொண்டு காத்திருக்கிற மதாம் மேக்ரே, ஆபீசில் அதே கணப்பு, விசாரணை நீளும்போது கீழே கடையிலிருந்து வரும் சாண்ட்விச்சும் பீரும். நாற்பது வருடத் தொடரில் மேக்ரேவுக்கு வயதே ஏறவில்லை என்று சொல்லலாம். இவ்வளவு இருட்டான விஷயங்களுக்குள் வாசகரைக் கூட்டிக்கொண்டு போக, திரும்பி வர ஒரு வீடு வேண்டும். சிமெனோன் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இருட்டுக்குள் போகிறார்.

செட்டிநாட்டுக்கு இது ஏன் கூடுதலாக ஒட்டுகிறது என்று கேட்டால், அவர் எழுதிய குற்றங்களின் வேர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை என்பேன். மூன்று வருடக் கணக்கில் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்து, மனைவியை ஊரில் விட்டுக் கடல் தாண்டிப் போன மேலாட்கள், அதாவது முதலாளிக்காக அங்கே கடையைப் பார்த்துக்கொண்டவர்கள். முதலாளியின் பெட்டியை நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டு, தனக்கென்று எதுவும் சேர்க்காமல் திரும்பியவர்கள். பிள்ளை கூட்டி வந்த, அதாவது தத்து எடுத்த வீட்டில், இது என் வீடா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே வளர்ந்த பையன்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஒரே வருடத்தில் நிலைகுலைந்த குடும்பங்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள், யாரும் விற்கவும் முடியாது, யாரும் இருக்கவும் முடியாது. இவற்றில் நூற்றுக்கு 99 பங்கு எந்தக் குற்றத்திலும் முடியவில்லை, கௌரவமாக விழுங்கப்பட்டுவிட்டன. அந்த விழுங்கலுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு தாகம் உண்டு. மேக்ரே அதைத் தொடுகிறார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா அரக்குக் கிண்ணம், எனாமல் பாத்திரம், பூட்டு சாவிக் கொத்து எல்லாவற்றுக்கும் நடுவில் சட்டம் போட்ட குடும்பப் புகைப்படங்களும் விலைக்கு இருக்கும். ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் வயிர மூக்குத்தியோடு ஒரு பெண் நிற்பார், பக்கத்தில் நாற்காலியில் கோட்டுப் போட்ட கணவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலிக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, மேல் துண்டைக் கையில் பிடித்தபடி மூன்றாவதாக ஒருவர். அவர் யார், ஏன் அந்தப் படத்தில் அவரையும் நிற்க வைத்தார்கள்? வாங்க வருகிறவர்கள் சட்டத்து மரம் தேக்கா என்று பார்ப்பார்கள். மேக்ரே அந்தக் கடையில் நின்றால் மூன்றாவது ஆளைத்தான் பார்ப்பார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரிசைப்படி படிக்க வேண்டியதில்லை, எங்கே ஆரம்பித்தாலும் கதை புரியும். ஸான் ஃபியாக்ரில் ஆரம்பியுங்கள், பிறகு கால்வாய் நாவல். மூன்றாவதாக 1960-ல் வந்த இன்னொன்று இருக்கிறது. ஒரு முன்னாள் தூதர் தன் படிப்பறையில் சுடப்பட்டுக் கிடக்கிறார். அவருக்கும் ஓர் இளவரசிக்கும் நடுவே ஐம்பது வருடக் காதல் கடிதங்கள். வீட்டில் பல காலமாக உடனிருந்த வயதான வேலைக்காரப் பெண். அந்தப் பிரபுக்களுக்கு முன்னால் மேக்ரே மறுபடியும் காரியஸ்தர் மகனாகி, கேள்வி கேட்கவே தடுமாறுகிறார். பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த வேலைக்காரப் பெண்ணை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.